கைப்பழக்கமும் பிறவிக் குணமும்: ஒரு செஸ் வாத்தியாரின் பதில்

உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மகள் ஒன்றரை வருடத்தில் செஸ்ஸில் நன்றாக முன்னேறிவிட்டாள். அதே வீடு, அதே வாத்தியார், ஆனால் எட்டு வயது மகன் தடுமாறுகிறான். போதாததற்கு, தோற்கிற நிலை வந்தால் அக்கா தண்ணீர் குடிக்கப் போகிற நேரம் பார்த்துக் காயை நகர்த்தி வைத்துவிடுகிறான். வீட்டுப் பெரியவர் ஒருவர், "திறமையும் குணமும் கூடவே பிறக்கணும், நீ கட்டுகிற ஃபீஸ் தண்டம்" என்று சொல்லிவிட்டார். நீங்கள் பதிலுக்கு ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடலைத் தேடியெடுத்திருக்கிறீர்கள்: "சித்திரமும் கைப்பழக்கம் செந்தமிழும் நாப்பழக்கம் வைத்ததொரு கல்வி மனப்பழக்கம் நித்தம் நடையும் நடைப்பழக்கம் நட்பும் தயையும் கொடையும் பிறவிக் குணம்." முதல் பாதி உங்களுக்குத் தெம்பு தந்தது, கடைசி வரி பயமுறுத்திவிட்டது. திறமை பழக்கத்தால் வரும் என்றால் மகனுக்கு வழி இருக்கிறது. குணம் பிறவியிலேயே வருவது என்றால் அவன் ஏமாற்றுவது மாறாதா? நீங்கள் கேட்பது இதைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

சென்னையில் 23 வருடமாகக் குழந்தைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுக்கிறேன். அதற்கு முன் உளவியலில் முதுகலை படித்தேன். படித்த படிப்பு ஒரு பக்கம், பிழைப்பு ஒரு பக்கம் என்று ஆனவன். ஆய்வு செய்தவன் இல்லை, ஆய்வுகளைப் படிப்பவன். என் அனுபவத்திலும் ஒரு கோணல் உண்டு. மாதக் கட்டணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைகள்தான் என்னிடம் வருகிறார்கள். அதிலும் பிடிக்காதவர்கள் மூன்றாம் மாதமே நின்றுவிடுவார்கள். ஆகவே "என்னிடம் படித்த எல்லோருமே தேறினார்கள்" என்று நான் எப்போதாவது சொன்னால் நம்பாதீர்கள்.

திறமையிலிருந்து தொடங்குகிறேன். பெற்றோர் அடிக்கடி சொல்வது, "அந்தப் பையனுக்கு அபார ஞாபகசக்தி சார், கடவுள் கொடுத்தது." இதில் மட்டும் எனக்குச் சந்தேகமே கிடையாது, இது தவறு. 1973இல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். நிஜ ஆட்டத்திலிருந்து எடுத்த ஒரு நிலையை ஐந்து விநாடி காட்டி மறைத்துவிட்டு, காய்களைத் திரும்ப அடுக்கச் சொன்னார்கள். மாஸ்டர் நிலை ஆட்டக்காரர் பெரும்பாலான காய்களைச் சரியாக வைத்தார், புதிதாக ஆடுகிறவர் நாலைந்து காயோடு நின்றுவிட்டார். அப்புறம் அதே காய்களைத் தாறுமாறாக இறைத்து வைத்துக் காட்டினார்கள். மாஸ்டரும் கற்றுக்குட்டியும் ஏறக்குறைய ஒரே நிலைக்கு வந்துவிட்டார்கள். அந்த ஞாபகசக்தி அவர் கூடப் பிறந்ததாக இருந்தால் இறைத்து வைத்த காய்களிலும் அது வேலை செய்திருக்க வேண்டும். அவர் பார்ப்பது தனித்தனிக் காய்களை இல்லை. ஆயிரக்கணக்கான ஆட்டங்களில் பழகிய கொத்துகளை. நமக்கு "வணக்கம்" என்ற சொல் ஐந்து எழுத்தாகத் தெரியாமல் ஒரே சொல்லாகத் தெரிவது போல. இந்தச் சோதனையை வருடா வருடம் என் வகுப்பில் பெற்றோருக்குச் செய்து காட்டுகிறேன், ஒவ்வொரு முறையும் யாராவது வாயைப் பிளக்கிறார்கள்.

அடுத்து, சூழல் எவ்வளவு செய்யும் என்பதற்கு நம் ஊரை விட நல்ல சாட்சி வேண்டாம். 1961இல் மானுவல் ஆரோன் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனார் (செஸ்ஸின் உச்சப் பட்டமான கிராண்ட்மாஸ்டருக்கு ஒரு படி கீழே உள்ள பட்டம்), தமிழ்நாட்டுக்காரர். எழுபதுகளில் சென்னை சோவியத் கலாச்சார மையத்தில் தால் செஸ் கிளப் வந்தது. அம்மாவிடம் ஆட்டம் கற்ற சிறுவன் ஆனந்த் அங்கே போய் ஆடினார். 1988இல் அவர் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர். இன்றைக்கு நாட்டில் 80 பேருக்கு மேல், அதில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் தமிழ்நாடு. 2024 டிசம்பரில் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன். முப்பத்தைந்து வருடத்தில் ஒரு சமூகத்தின் பிறவிச் சரக்கு மாறிவிடாது. கிளப், பயிற்சியாளர், போட்டி, கம்ப்யூட்டர், பள்ளியில் விடுப்பு கொடுக்கிற தலைமை ஆசிரியர், "செஸ் ஆடி என்ன கிழிக்கப்போறே" என்று கேட்காத மாமா, இவைதான் மாறின. 1950களில் ஆனந்த் போன்ற மூளையோடு பிறந்த எத்தனை பேர் தாசில்தார் அலுவலகத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றார்களோ.

ஆனால் இதோடு நிறுத்தினால் நான் உங்களை ஏமாற்றுகிறேன் என்று அர்த்தம். ஹங்கேரியில் லாஸ்லோ போல்கார் என்பவர், மேதைகள் உருவாக்கப்படுகிறவர்கள், பிறப்பதில்லை என்று அறிவித்துவிட்டுத் தன் மூன்று மகள்களையும் வீட்டிலேயே செஸ் சொல்லிக்கொடுத்து வளர்த்தார். மூத்தவர் சூசன் பெண்கள் உலக சாம்பியன் ஆனார். கடைசி மகள் ஜூடித் 1991இல் 15 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆகி, மிகச் சின்ன வயதில் அந்தப் பட்டம் வாங்கியவர் என்று அமெரிக்காவின் பாபி ஃபிஷர் வைத்திருந்த சாதனையை முறியடித்தார். பின்னாளில் ஆண்களையும் சேர்த்த தரவரிசையில் முதல் பத்துக்குள் வந்தார். பழக்கமே எல்லாம் என்று வாதாடுகிற எல்லோரும் இந்தக் கதையைத்தான் எடுப்பார்கள். எனக்கு இதில் உறுத்துவது நடு மகள் சோஃபியா. அதே அப்பா, அதே வீடு, அதே பயிற்சி. இன்டர்நேஷனல் மாஸ்டரோடு நின்றார். அது ஒன்றும் குறைச்சல் இல்லை, நான் எல்லாம் அதன் வாசலைக்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் மூவரும் ஒரே உயரத்துக்குப் போகவில்லை. தவிர, அந்தப் பிள்ளைகளுக்கு அப்பா கொடுத்தது பயிற்சி மட்டுமா, ரத்தமும்தானே? இரண்டையும் பிரித்துப் பார்க்க அந்தக் குடும்பத்தில் வழியே இல்லை. நம் வைஷாலியும் பிரக்ஞானந்தாவும் அக்கா தம்பி, இருவருமே கிராண்ட்மாஸ்டர்கள். அதிலும் ரத்தம் எவ்வளவு, வீடு எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

பத்தாயிரம் மணி நேரம் பயிற்சி செய்தால் யாரும் வல்லவர் ஆகலாம் என்ற பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அதன் மூலம் 1993இல் ஆண்டர்ஸ் எரிக்சன் குழுவினர் பெர்லினில் வயலின் மாணவர்களிடம் செய்த ஆய்வு. அதில் வந்தது ஒரு சராசரி, அவ்வளவுதான். அதை விதியாக்கியது பிறகு வந்தவர்கள். செஸ்ஸில் 2007இல் அர்ஜென்டினா ஆட்டக்காரர்களை வைத்து ஓர் ஆய்வு வந்தது. மாஸ்டர் நிலையை எட்ட ஒருவருக்குச் சுமார் 3,000 மணி நேரம் போதுமானதாக இருந்தது, இன்னொருவருக்கு 23,000க்கு மேல் தேவைப்பட்டது. அதைவிட அதிகமாக உழைத்தும் எட்டாதவர்களும் உண்டு. 2014இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, செஸ் போன்ற விளையாட்டுகளில் ஆட்டக்காரர்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டில் 26 விழுக்காட்டைத்தான் பயிற்சி விளக்கியது. மிச்சம் முழுக்கப் பிறவி என்று இதற்குப் பொருள் இல்லை. தொடங்கிய வயது, நல்ல ஆசிரியர், கணக்கெடுப்பில் வந்த பிழை எல்லாம் அந்த மிச்சத்தில்தான் அடக்கம்.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது அதே வருடம் ஸ்வீடனில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இரட்டையர்களிடம் செய்த இசை ஆய்வு. எவ்வளவு நேரம் பயிற்சி செய்கிறார்கள் என்பதிலேயே மரபணுவின் கை பலமாக இருப்பதாக அது காட்டியது. இதை என் வகுப்பில் நான் பெயர் தெரியாமலே பார்த்துக்கொண்டிருந்தேன். வகுப்பு முடிந்து எல்லோரும் செருப்பு மாட்டும்போது, தோற்ற ஆட்டத்தைத் தனியே திரும்ப அடுக்கிப் பார்க்கிற பிள்ளை ஒன்று இருக்கும். யாரும் சொல்லித் தந்ததில்லை. "போதும்டா, கிளம்பு" என்று சொன்னால் அழும். அந்தப் பசியை என்னால் ஒரு குழந்தைக்குள்ளும் வைக்க முடிந்ததில்லை. இருக்கிற பசியை அணைத்திருக்கிறேன், அது சுலபம். எட்டு வயதுப் பிள்ளைக்குத் தினம் நாலு மணி நேரம் ஓப்பனிங், அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்கள், மனப்பாடம் கொடுத்தால் போதும். ஆகவே பெரியவர் சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறது, அவர் நினைக்கிற இடத்தில் இல்லை. திறமை கையில் வருவது பழக்கத்தால்தான். ஆனால் எதைப் பழகினால் சலிக்காது என்பதில் பிறவியின் பங்கு கணிசம்.

இங்கே மரபணுப் பங்கு இத்தனை விழுக்காடு என்கிற எண்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை, ஏனென்றால் பத்திரிகைகள் இதைப் படுத்தியெடுக்கின்றன. "பாதி மரபணு" என்றால் உங்கள் மகனின் ஆட்டத்தில் பாதி உங்களிடமிருந்து வந்தது என்று பொருள் இல்லை. ஒரு கூட்டத்துக்குள் ஆளுக்கு ஆள் இருக்கிற வேறுபாட்டில் எவ்வளவு என்பதுதான் கணக்கு. எல்லோருக்கும் ஒரே மாதிரி வசதி உள்ள ஊரில் அந்த எண் ஏறும், ஏற்றத்தாழ்வு அதிகம் உள்ள ஊரில் இறங்கும். ஒரு தனிப் பிள்ளையின் ஜாதகத்தை அது சொல்லாது.

உங்கள் மகனைப் பற்றி இந்தப் பக்கத்தில் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: ஒன்றரை வருடத்தை வைத்து எட்டு வயதுப் பையனை எடை போட யாராலும் முடியாது, நானும் பலமுறை போட்டுத் தவறியிருக்கிறேன். அக்காவோடு ஒப்பிடுவதை மட்டும் நிறுத்துங்கள். வயதில் மூத்தவள், தினமும் அவனைத் தோற்கடிக்கிறாள். எவனுக்குப் பசி வரும்?

சரி, இப்போது காயை நகர்த்துகிற விஷயம். பாட்டை இன்னொரு தடவை படியுங்கள். பிறவிக் குணம் என்று சொல்லியிருப்பது நட்பு, தயை, கொடை என்ற மூன்றை. நேர்மை அதில் இல்லை. "நித்தம் நடையும் நடைப்பழக்கம்" என்று இருக்கிறதே, அந்த நடையைக் காலால் நடக்கிற நடை என்றும் கொள்ளலாம், ஒழுக்கம் என்றும் கொள்ளலாம். உரை எழுதியவர்கள் ஒழுக்கம் என்று கொண்டதுண்டு. நடத்தை, நன்னடத்தை என்று நாம் சொல்வதும் அந்தச் சொல்லை வைத்துத்தான். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. அப்படிப் படித்தால் பாட்டு ஒழுக்கத்தைச் சித்திரத்தோடும் கல்வியோடும் சேர்த்துப் பழக்கத்தின் பக்கம் வைக்கிறது. நீங்கள் பயந்தது பாட்டில் இல்லாத ஒன்றுக்கு.

பிறவி என்று வைத்த மூன்றிலும் பாட்டு முழுக்கச் சரியா? ஓரளவு. 2006இல் ஃபெலிக்ஸ் வார்னெக்கன், மைக்கேல் தோமசெல்லோ இருவரும் 18 மாதக் குழந்தைகள் முன்னால் ஒரு பெரியவர் துணி உலர்த்தும் கிளிப்பைத் தவறவிட்டு எட்டி எடுக்க முடியாமல் தவிப்பதாக நடித்துக் காட்டினார்கள். நிறையக் குழந்தைகள் தத்தித் தத்தி வந்து எடுத்துக் கொடுத்தன, யாரும் கேட்காமல், எந்தப் பரிசும் இல்லாமல். இது உறுதியான விஷயம், உங்கள் வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள். ஆனால் ஆறு மாதக் குழந்தையே நல்லவனை, கெட்டவனைப் பிரித்தறியும் என்று 2007இல் வந்து உலகெங்கும் பேசப்பட்ட பொம்மைச் சோதனை இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. ஒரு பொம்மை இன்னொன்றுக்கு உதவுவதையும் வேறொன்று தடுப்பதையும் காட்டிவிட்டு, குழந்தை எதை எடுக்கிறது என்று பார்ப்பது அந்தச் சோதனை. அண்மையில் பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் அதைத் திரும்பச் செய்தபோது, உதவிய பொம்மையை எடுத்தவை பாதிக்குப் பாதிதான், காசைச் சுண்டிப் போட்ட கணக்கு. முதலில் வந்த முடிவைச் சொல்லி நானே பெற்றோர் கூட்டத்தில் பேசியிருக்கிறேன். இப்போது அதை விட்டுவிட்டேன்.

ஏமாற்றுவது வேறு. அது இரக்கத்தோடு சேர்ந்தது இல்லை. மூன்று நான்கு வயதில் பிள்ளைகள் பொய் சொல்லத் தொடங்குவது, எதிரே இருப்பவருக்குத் தெரியாதது தனக்குத் தெரியும் என்பது புரிந்த பிறகுதான். ஒரு விதத்தில் மூளை வளர்ந்ததற்கு அடையாளம். செஸ்ஸே அதுதானே, எதிராளி என்ன நினைக்கிறான் என்று கணிப்பது. அக்கா எப்போது திரும்புவாள், எந்தக் காயை நகர்த்தினால் கண்ணில் படாது என்று கணக்குப் போடுகிறவன் ஒன்றும் மந்தமான பையன் இல்லை என்பதைக் கொஞ்சம் சிரித்துக்கொண்டே சொல்கிறேன்.

1928இல் ஹார்ட்ஷோர்ன், மே என்ற இரண்டு அமெரிக்கர்கள் பல ஆயிரம் பள்ளிக் குழந்தைகளுக்குத் தேர்விலும் விளையாட்டிலும் வீட்டுப்பாடத்திலும் ஏமாற்ற வாய்ப்பு கொடுத்துப் பார்த்தார்கள். ஓரிடத்தில் ஏமாற்றிய பிள்ளை இன்னோரிடத்தில் ஏமாற்றும் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தொடர்பு இருந்தது, ஆனால் மெல்லிய நூல் அளவு. ஏமாற்றுக்காரப் பிள்ளை, நேர்மையான பிள்ளை என்று இரண்டு ஜாதி அங்கே கிடைக்கவில்லை. சூழ்நிலை நிறையத் தீர்மானித்தது. என் அனுபவமும் அப்படியே. முன்பெல்லாம் "நான் தொடவே இல்லை சார்", "யானை இங்கேதான் சார் இருந்தது" என்று வகுப்பில் தினம் ஒரு பஞ்சாயத்து நடக்கும். பத்து வருடத்துக்கு முன், எழுதத் தெரிந்த எல்லாப் பிள்ளைகளும் முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு நகர்த்தலையும் தாளில் குறிக்க வேண்டும் என்று வைத்தேன். பஞ்சாயத்து ஏறக்குறைய நின்றுவிட்டது. குழந்தைகள் அதே குழந்தைகள்தான்.

என்ன செய்தால் ஏமாற்றுவது கூடும் என்பதும் எனக்குத் தெரியும். தோற்றுவிட்டு வெளியே வந்தால் அடி விழும் என்று தெரிந்த பிள்ளை பெரும்பாலும் காயை நகர்த்தும். 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வு மேற்கு ஆப்பிரிக்காவில் இரண்டு பள்ளிகளை ஒப்பிட்டது, ஒன்றில் தவறுக்கு அடி, மற்றொன்றில் கண்டிப்பு மட்டும். மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளிடம் பொம்மையை எட்டிப் பார்க்காதே என்று சொல்லிவிட்டுப் போனால் இரண்டு பள்ளியிலும் பெரும்பாலோர் எட்டிப் பார்த்தார்கள். அடி விழுகிற பள்ளிப் பிள்ளைகள்தான் அதிகம் பொய் சொன்னார்கள், சொன்ன பொய்யைத் திறமையாகக் காப்பாற்றவும் செய்தார்கள். ஒரே ஒரு ஆய்வு, சின்ன எண்ணிக்கை, அதை மட்டும் வைத்து நான் பேசமாட்டேன். ஆனால் போட்டி நடக்கிற மண்டபத்தின் வாசலில் இருபது வருடமாக நிற்கிறவனுக்கு அது புதுச் செய்தியும் இல்லை. அதே வாசலில், கடைசிச் சுற்றை டிரா செய்துகொள்ளலாமா என்று என் மாணவனின் அப்பாவே எதிராளியின் அப்பாவிடம் பேரம் பேசியதைப் பார்த்திருக்கிறேன். பையன் பக்கத்தில் நின்று சமோசா தின்றுகொண்டிருந்தான். வயதைக் குறைத்துச் சான்றிதழ் வாங்கிப் பிள்ளையைச் சின்னப் பிரிவில் ஆட வைத்தவர்களும் உண்டு. அந்தப் பிள்ளைகளுக்கு நான் நேர்மை வகுப்பு எடுக்க வேண்டுமாம்.

பிறவிக்கு இந்தப் பக்கம் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. சட்டென்று கோபம் வருவது, அடக்கிக்கொள்ள முடியாமை, அடுத்தவர் வலி உறைக்காமை, இவற்றில் மரபணுவின் பங்கு இரட்டையர் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. சமூகத்துக்குப் புறம்பான நடத்தைகளை ஆராய்ந்த 2002ஆம் ஆண்டுத் தொகுப்பில் அது சுமார் 40 விழுக்காடு. முன்மூளையில் கைக்குழந்தையாக இருந்தபோதே சேதம் ஏற்பட்ட இருவரைப் பற்றி 1999இல் ஓர் அறிக்கை வந்தது. நல்ல குடும்பத்தில் வளர்ந்தும், படிப்பறிவு சரியாக இருந்தும், சரி தவறு என்ற உணர்வு அவர்களுக்குப் பிடிபடவே இல்லை. இருவர்தான் என்பதால் அதை ரொம்ப இழுக்கக் கூடாது. பிராணியைத் துன்புறுத்தி மகிழ்வது, அடிபட்ட பிள்ளையைப் பார்த்தும் முகம் மாறாமல் இருப்பது போன்றவற்றைப் பார்த்தால் என் மாதிரி ஆளிடம் கேட்காமல் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் போக வேண்டும். யானையை ஒரு கட்டம் தள்ளி வைப்பது அந்தப் பட்டியலில் வராது.

இனி வீட்டில் என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தீர்கள். அக்காவும் தம்பியும் ஆடும்போது இருவரும் நகர்த்தல்களை எழுதட்டும். ஒரு மாதத்துக்கு அக்கா ராணி இல்லாமல் ஆடட்டும். அவளுக்கு அது நல்ல பயிற்சி, அவனுக்கு ஜெயிக்கிற ருசி கிடைக்கும். "ஏமாற்றாமல் ஆடினால் ஐஸ்க்ரீம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மேலே சொன்ன கிளிப் சோதனையைச் செய்த வார்னெக்கனும் தோமசெல்லோவும் 2008இல் செய்த சோதனையில், உதவிக்குப் பரிசு வாங்கிப் பழகிய 20 மாதக் குழந்தைகள் பரிசு நின்றதும் மற்றவர்களை விடக் குறைவாக உதவின. அது உதவியைப் பற்றியது, நேர்மைக்கு அப்படியே பொருந்துமா என்பது வேறு கேள்வி. ஆனாலும் நான் அந்த வழிக்குப் போவதில்லை. காயை நகர்த்தியதைக் கண்டுபிடித்தால் கத்த வேண்டாம். தாளைப் பார்த்துப் பழைய நிலையை அவன் கையாலேயே திரும்ப அடுக்கச் சொல்லுங்கள், ஆட்டம் அங்கிருந்து தொடரட்டும். அப்படி அடுக்கும்போது, தோற்பதாக அவன் நினைத்த நிலையில் ஒரு நல்ல நகர்த்தல் ஒளிந்திருப்பது சில நேரம் தெரியவரும். என் வகுப்பில் இரண்டு மூன்று தடவை நடந்திருக்கிறது. அதில் ஒரு பெண் அந்த நகர்த்தலைப் பார்த்துவிட்டு, "அப்ப நான் தள்ளி வைக்காமலே ஜெயிச்சிருக்கலாமா சார்?" என்று கேட்டாள், கண்ணில் தண்ணீரோடு, கொஞ்சம் எரிச்சலோடும்.